குடியிருப்போர் இருவர்

பிப்ரவரி 3

தங்கச்சிக்கு,

நலம் விசாரிப்பதைக் கடைசிக்கு வைத்துக்கொள்கிறேன். நடந்த அநியாயத்தை முதலில் எழுதிவிட வேண்டும். இந்த வீட்டில் இரண்டு பேர் குடியிருப்பதாக வாடகை ஒப்பந்தத்தில் எழுதி என் மகன் கையெழுத்துப் போட்டிருக்கிறான். நாங்கள் மூன்று பேர். விட்டுப்போன ஆள் நான்.

அவன் பெயர் இருக்கிறது. மருமகள் பெயர் இருக்கிறது. அவனைப் பெற்றவன் பெயர் இல்லை. கைதவறி விட்டதில்லை, யோசித்து விட்டது.

வந்த புதிதில் அவனுடைய சிநேகிதன் வீட்டில் ஒண்டிக்கொண்டு வீடு தேடினோம். நம் பாஷை பேசுகிற தரகர் ஒருவர் கிடைத்தார். அவரிடம் இரண்டு போன் உண்டு. ஒன்றில் வீட்டுக்காரர்களிடம் கெஞ்சுவார், மற்றதில் எங்களை அதட்டுவார். ரெட்டைப்போன் என்று நான் பெயர் வைத்திருக்கிறேன். முதல் வீட்டில் சுவரைத் தட்டிப் பார்த்தேன். நாற்பது வருஷம் மேஸ்திரியாக இருந்தவன் கை சும்மா இருக்குமா? தகரப் பெட்டியைத் தட்டியதுபோல் கேட்டது. "உள்ளே ஒண்ணுமில்லடா, வெறும் அட்டை" என்றேன். வீட்டுக்காரி முகம் மாறியது. ரெட்டைப்போன் என்னைத் தள்ளிக்கொண்டு போய், "ஐயா, இந்த ஊர்ல எல்லாச் சுவரும் அட்டைதான். நீங்க தட்டுனா எனக்குப் பிழைப்புப் போயிடும்" என்றார்.

அடுத்த வீட்டில் தட்டவில்லை. குளியலறைத் தரையில் ஒரு குவளைத் தண்ணீர் ஊற்றி, எந்தப் பக்கம் ஓடுகிறது என்று வாட்டம் பார்த்தேன். யாராக இருந்தாலும் அதைத்தானே பார்ப்பார்கள்? தண்ணீர் போக ஓட்டையே இல்லை. இங்கே குளியலறைத் தரை நனையக் கூடாதாம்! தண்ணீர் கதவுப் பக்கம் வந்து, வீட்டுக்காரரின் காலுறை நனைந்து, நாங்கள் படியிறங்கினோம். அதற்குப் பிறகு வீடு பார்க்க என்னைக் கூட்டிப்போவதில்லை.

எனக்குத் தெரியாமல் பிடித்த வீடு இது. படுக்கையறை ஒன்று. படுக்கையறை ஒன்று என்றால் ஆள் இரண்டு, இது இவர்கள் சட்டம். "பெரியவரை எழுதாதீங்க, விருந்தாளின்னு சொல்லிக்கலாம்" என்று தரகர் ஓதியிருக்கிறார், இவனும் தலையாட்டியிருக்கிறான். விருந்தாளி என்கிற பேச்சு முதல் மாதத்தோடு முடிந்தது. அதற்கு மேல் தங்குகிற விருந்தாளியையும் எழுத வேண்டுமாம். ஆகவே இப்போது நான் விருந்தாளியும் இல்லை.

காலையில் லிஃப்டில் போகக் கூடாது. பால்கனியில் நிற்கக் கூடாது. மணி அடித்தால் குளியலறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொள்ள வேண்டும். இவர்கள் இருவரும் வேலைக்குப் போன பிறகு நான் நடக்கவே கூடாது. ஆளில்லாத வீட்டில் காலடி கேட்டால் கீழ்வீட்டுக்காரர்கள் என்ன நினைப்பார்கள்? மருமகள் மெத்தென்ற செருப்பு ஒன்று வாங்கிக் கொடுத்திருக்கிறாள். பூனைக்குத் தைத்த மாதிரி இருக்கிறது.

நான் கிளம்பி வருகிறேன். என் வீட்டுச் சாவி உன்னிடம் இருக்கிறது. வாரத்துக்கு ஒரு நாள் உன் மகன் வீட்டிலிருந்து நடந்து போய்ச் சன்னல்களைத் திறந்து வைக்கச் சொன்னேனே, செய்கிறாயா? பெருக்கித் துடைத்து வை.

போனில் இதையெல்லாம் பேச முடியாது. போன் கூடத்தில் இருக்கிறது, கூடத்தில் நாலு காது இருக்கிறது. இந்தக் கடிதத்தை மருமகள் தபாலில் சேர்ப்பாள், பிரிக்க மாட்டாள். அந்த அளவுக்கு நேர்மை அவளிடம் உண்டு. பதில் எழுதும்போது உறையில் என் பெயரைப் போடாதே. கீழே தபால் பெட்டியில் என் பெயர் கிடையாது. மகன் பெயருக்குப் போடு.

உன் முழங்கால் எப்படி இருக்கிறது?

இப்படிக்கு,
அண்ணன்


பிப்ரவரி 26

அன்புள்ள அண்ணனுக்கு,

தங்கை வணங்கி எழுதுவது. நான் சௌக்கியம், முழங்கால் மட்டும் அதன் இஷ்டப்படி. குளிர் ஊரில் தலைக்குத் துணி கட்டிக்கொள்கிறீர்களா? மாத்திரை தவறாமல் போடுகிறீர்களா?

கோபித்துக்கொள்ளாதீர்கள், உங்கள் கடிதத்தைப் படித்ததும் முதலில் சிரிப்புத்தான் வந்தது. காலுறை நனைந்த அந்த ஆளை நினைத்து நினைத்துச் சிரித்தேன். செருப்பு சங்கதி வந்ததும் சிரிப்பு நின்றுவிட்டது. நீங்கள் நடந்தால் தெருமுனையில் தெரியும். அப்பா அந்தக் காலத்தில், "வர்றான் பாரு உன் அண்ணன், ரோடு போடுற இஞ்சின் மாதிரி" என்பார்.

பிள்ளை வேண்டுமென்று செய்திருக்க மாட்டான். புது ஊர், புது வேலை, அவனுக்கு யார் இருக்கிறார்கள்? கொஞ்சம் விட்டுப் பிடியுங்கள்.

வீடு நன்றாக இருக்கிறது. பெருக்கித் துடைத்துத்தான் வைத்திருக்கிறேன். அடுப்படிச் சன்னலில் காலை வெயில் வந்து விழுகிறதே, அது எவ்வளவு அழகு! நீங்கள் ஒரு நாளும் சொன்னதில்லையே. ஆனால் இப்போது வர வேண்டாம் அண்ணா. போய்க் கொஞ்ச நாள்தானே ஆகிறது.

நீங்கள் சொன்னபடி உறையில் பிள்ளை பெயரைத்தான் எழுதியிருக்கிறேன். எழுதும்போது கை கூசியது.

உடம்பைப் பார்த்துக்கொள்ளவும்.

உங்கள் தங்கை


மார்ச் 21

தங்கச்சிக்கு,

சுகம் என்று எழுதினால் பொய். சுகமில்லை என்று எழுதினால் நீ மாத்திரையைப் பற்றிக் கேட்பாய். நடந்ததை எழுதுகிறேன்.

இந்தக் கட்டடத்தைப் பார்த்துக்கொள்கிற ஒருவர் கீழே அறை போட்டு உட்கார்ந்திருக்கிறார். இடுப்பில் ஒரு கொத்துச் சாவி. நடந்தால் மாட்டு மணி மாதிரி சத்தம் வரும். நமக்குள் அவர் பெயர் சாவிக்காரர். போன வாரம் முன்னறிவிப்பு இல்லாமல் குழாய்களைச் சோதிக்க வந்துவிட்டார். குழாய் என்றால் முதலில் குளியலறைதானே? நான் ஒளிகிற இடமும் அதுதானே? மருமகள் என் கையைப் பிடித்து இழுத்துப் போய்த் துணி அலமாரிக்குள் நிறுத்தி, "மாமா, அஞ்சு நிமிஷம், தயவு செஞ்சு" என்று சொல்லிக் கதவை மூடினாள்.

கம்பளிக் கோட்டுகளுக்கு நடுவில் நின்றேன். என்னுடைய கோட்டும் அங்கேதான் தொங்குகிறது. தும்மல் வந்தது. மூக்கைப் பிடித்து அடக்கினேன். அலமாரியில் நின்றது பெரிதில்லை தங்கச்சி. யாரும் சொல்லாமலே தும்மலை அடக்கினேன் பார், அன்றைக்குத்தான் எனக்கு என் மேலேயே வெறுப்பு வந்தது.

அவர் போன பிறகு மகனிடம் கேட்டேன். "நாளைக்கு நான் செத்தா எந்த வழியா கொண்டு போவே? லிஃப்ட்லயா, குப்பைப் படிக்கட்டுலயா?"

"ஏம்ப்பா இப்படிப் பேசுறீங்க?"

"கேட்டதுக்குப் பதில் சொல்லு."

"சரி, நான் கேக்குறதுக்கு நீங்க சொல்லுங்க. மொட்டை மாடியில தண்ணித் தொட்டிக்குப் பக்கத்துல மயங்கி விழுந்தீங்களே, அப்ப வீட்ல யாரு இருந்தா? சாயங்காலம் வரைக்கும் வெயில்ல கிடந்தீங்க. உங்களை எப்படி நான் அங்க தனியா விட்டுட்டு வருவேன்?"

"அதுக்காக இங்கே அலமாரியிலயா வைப்பே?"

மருமகள் அழுதுவிட்டாள். "உங்களை மறைச்சு வைக்கணும்னு எங்களுக்கு ஆசையா மாமா? ரெண்டு படுக்கையறை வீடுன்னு ஏறி இறங்காத இடமில்ல" என்றாள். அவள் அழுவதும் உண்மைதான். அவள் அழுகை என் பெயரை எழுதாது.

பாஸ்போர்ட்டைக் கேட்டேன். பத்திரமாக இருக்கிறது என்கிறான். எங்கே என்று சொல்லவில்லை.

நான் வருவதாக எழுதினேன், நீ வேண்டாம் என்று எழுதினாய். ஏன் என்று எழுதவில்லை. மறு தபாலில் எழுது. உன் பேரன் எப்படிப் படிக்கிறான்? உன் மருமகள் வாய் அப்படியேதான் இருக்கிறதா?

அண்ணன்


ஏப்ரல் 25

அன்புள்ள அண்ணனுக்கு,

வணக்கம். பதில் தாமதமாகிவிட்டது, பொறுத்துக்கொள்ளவும். நடுவில் இரண்டு வாரம் காய்ச்சல். இப்போது தேவலை. அலமாரி விஷயத்தைப் படித்த அன்று எனக்குச் சோறு இறங்கவில்லை. உங்களை அப்படி நினைத்துப் பார்க்கவே முடியவில்லை.

ஏன் வர வேண்டாம் என்று கேட்கிறீர்கள். பிள்ளை சொன்னது சரிதானே? மயக்கம் திரும்ப வந்தால் யார் தூக்குவது? எனக்கு உங்களைத் தூக்குகிற வயசா?

வீட்டில் ஒரு குறையும் இல்லை. நாலு நாள் மழை பிடித்ததில் குளியலறைக் கதவு மட்டும் உப்பிக்கொண்டு, காலையில் அவசரத்துக்குத் திறப்பதற்குள் பெரும்பாடாகிவிடுகிறது. தச்சரிடம் சொல்லியிருக்கிறேன். மற்றபடி ஓர் ஒழுகல் கிடையாது. உங்கள் கைவேலை அல்லவா?

நேரத்துக்குச் சாப்பிடுங்கள். கோபத்தைச் சோற்றின் மேல் காட்டாதீர்கள்.

உங்கள் தங்கை


மே 10

தங்கச்சிக்கு,

காய்ச்சல் என்று எழுதியிருந்தாய். கஷாயம் வைத்துக் கொடுக்க உன் வீட்டில் ஆள் இருந்ததா? அதை எழுதவில்லை. பேரனைப் பற்றிக் கேட்டேன், அதற்கும் பதில் இல்லை.

இங்கே ஒரு செய்தி. ரெட்டைப்போன் இரண்டு படுக்கையறை வீடு ஒன்றைப் பிடித்து வந்தார். மூன்று பேர் என்று எழுதலாமாம். மூன்று பேரையும் நேரில் பார்த்துத்தான் கொடுப்பேன் என்று வீட்டுக்காரர் சொல்லிவிட்டதால் என்னையும் கூட்டிப்போக வேண்டியதாயிற்று. கிளம்பும்போது வாசலில் வைத்து மகன் எனக்குப் பாடம் எடுத்தான்.

"தட்டக் கூடாது."

"சரி."

"தண்ணி ஊத்தக் கூடாது."

"சரிடா."

"வாயைத் திறக்கக் கூடாது."

"மூச்சு விடலாமா?"

வழி நெடுகக் கைகளைக் கோட்டுப் பைக்குள்ளேயே வைத்துக்கொண்டேன். நல்ல வீடு. எனக்கென்று ஓர் அறை, அதில் சன்னல், சன்னலுக்கு வெளியே ஒரு மரம். என் கட்டில் எந்தப் பக்கம் வரும் என்று மனசுக்குள் போட்டே பார்த்துவிட்டேன். சிரித்த முகமாக நின்றேன். வீட்டுக்காரரும் என்னைப் பார்த்துச் சிரித்தார்.

அப்போதுதான் அண்ணாந்து பார்த்தேன். கூரையில், மூலையில், வெள்ளைக்கு மேல் வெள்ளை அடித்த ஒரு திட்டு. அடியில் ஈரம் இருந்தால்தான் அப்படி அடிப்பார்கள். நான் பேசவில்லை. கையை எடுக்கவில்லை. பார்த்தேன், அவ்வளவுதான். வீட்டுக்காரரும் நான் பார்த்த இடத்தைப் பார்த்தார். மறுபடி என்னைப் பார்த்தார். நான் வேறு பக்கம் திரும்பியிருக்கலாம். திரும்பவில்லை.

சாயங்காலம் ரெட்டைப்போனிடமிருந்து அழைப்பு வந்தது. "வேற குடும்பத்துக்குக் கொடுத்துட்டாங்களாம். பெரியவர் வந்தா தினம் ஒரு புகார் வரும்ங்குறாங்க. என்னங்க பண்ணினார் அவர்?" மகன் போனை வைத்துவிட்டுச் சொன்னான்: "நீங்க பார்க்குறதே தட்டுற மாதிரிதாம்ப்பா இருக்கு."

ஈரம் இருந்தால் இருக்கிறது. இல்லாததை நான் பார்க்கவில்லை.

ஆக, மறுபடி இதே கூடம், இதே சோபா, இதே செருப்பு. பகலில் சோபாவில் உட்கார்ந்து எதிர்ச் சுவரைப் பார்க்கிறேன். அட்டைதான். ஒரு குத்து விட்டால் கை அந்தப் பக்கம் போய்விடும். அப்படிப்பட்ட சுவருக்குள் என்னால் எழுந்து நடக்க முடியவில்லை.

நான் வந்தால் உனக்கு என்ன சிரமம்? தூக்குவதற்கு ஆளை நான் பார்த்துக்கொள்கிறேன்.

அண்ணன்


ஜூன் 14

தங்கச்சிக்கு,

நீ நலமா என்பதே தெரியவில்லை, கடிதம் இல்லை. எழுதினாய் என்பது மட்டும் தெரியும். எப்படித் தெரியும் என்று சொல்கிறேன்.

ஞாயிற்றுக்கிழமை மணி அடித்தது. நான் அலமாரிக்குள் போனேன். இப்போதெல்லாம் யாரும் இழுக்க வேண்டியதில்லை, நானே போய்விடுகிறேன். சாவிச் சத்தம் கேட்டது. வாசலில் நின்று சாவிக்காரர் எதையோ எழுத்துக்கூட்டி வாசித்தார். இரண்டாம் முறை வாசித்தபோதுதான் புரிந்தது, அது என் பெயர். மேஸ்திரி என்பதையும் சேர்த்து வாசித்தார். எப்படியோ உடைத்துத்தான் சொன்னார், ஆனாலும் என் பெயர். இந்த ஊருக்கு வந்து ஒருவர் என் பெயரை உரக்கச் சொன்னது அதுவே முதல் தடவை.

இவர்கள் பாஷையில் எனக்கு நாலு வார்த்தை தெரியும். நன்றி, தண்ணீர், கதவு, இல்லை. மகன் பதில் சொன்னான். நீளமாகத்தான் சொன்னான். அதில் எனக்குத் தெரிந்த வார்த்தை ஒன்றுதான் இருந்தது. அது தண்ணீருமில்லை, கதவுமில்லை.

உறையை அவர் திருப்பி எடுத்துப்போய்விட்டார்.

நான் வெளியே வந்து சோபாவில் உட்கார்ந்தேன். மகன் எதிரில் நின்றான். "வேற என்னப்பா சொல்ல முடியும் என்னால?" என்றான். நான் ஒன்றும் கேட்கவில்லை. அவன் திரும்பத் திரும்ப அதையே சொன்னான். மருமகள் அவனைச் சும்மா இருக்கச் சொன்னாள்.

உறையில் என் பெயரைப் போடாதே என்று தெளிவாக எழுதியிருந்தேனே! ஏன் போட்டாய்? என்ன எழுதியிருந்தாய்?

அண்ணன்


ஜூலை 6

அன்புள்ள அண்ணனுக்கு,

நீங்கள் உயிரோடு இருக்கிறீர்கள். அது போதும் எனக்கு.

உறை திரும்பி என் கைக்கு வந்தது. மேலே ஒரு முத்திரை. எதிர்வீட்டுப் பையனை வாசிக்கச் சொன்னேன். "இந்த விலாசத்துல இப்படி ஒருத்தர் இல்லைன்னு போட்டிருக்கு பாட்டி" என்றான். அங்கேயே உட்கார்ந்துவிட்டேன். உங்களுக்கு ஏதோ ஆகிவிட்டது, பிள்ளை எனக்குச் சொல்லாமல் மறைக்கிறான் என்றுதான் நினைத்தேன். போன் போட்டால் அவன் எடுக்கவில்லை. மறுநாள் எடுத்து, "அப்பா நல்லா இருக்கார் அத்தை, தூங்குறார்" என்றான். நம்பவில்லை. உங்கள் எழுத்தைப் பார்த்த பிறகுதான் நம்பினேன்.

என்ன எழுதியிருந்தேன் என்று கேட்டிருக்கிறீர்கள். ஒன்றுமில்லை, நாலு வரி நலம் விசாரிப்பு. ஏன் உங்கள் பெயரைப் போட்டேன் என்றால், அதை எப்படிச் சொல்வது? அலமாரிக் கடிதம் வந்த நாளிலிருந்து பிள்ளை பெயரை எழுத எனக்குக் கை வரவில்லை. நானும் அவனோடு சேர்ந்து உங்களை மறைக்கிற மாதிரி இருந்தது. ஒரே ஒரு தடவை போட்டால் என்ன ஆகிவிடும் என்று இங்கிலீஷ் எழுத்தில் முழுப் பெயரும் எழுதி, மேஸ்திரி அவர்கள் என்றும் எழுதினேன். அந்தக் கவரையா அவர் வாசலில் நின்று வாசிக்க வேண்டும்?

இங்கே வெக்கை. மாடி அறையில் ராத்திரி படுக்க முடியவில்லை, பாயை எடுத்துக்கொண்டு கீழே வந்துவிடுகிறேன்.

நீங்கள் கட்டாயம் வரத்தான் வேண்டுமா அண்ணா?

உங்கள் தங்கை


ஜூலை 22

தங்கச்சிக்கு,

உன் மகன் வீட்டுக்கு மாடி கிடையாது. தளம் போட்டவன் நான், எனக்குத் தெரியும்.

பூட்டிக் கிடக்கும் வீட்டில் குளியலறைக் கதவு உப்பினால் காலையில் யாருக்கு அவசரம்? பகலில் சன்னல் திறக்கப் போகிறவளுக்கு அடுப்படியில் காலை வெயில் எப்படித் தெரியும்? பேரனைப் பற்றி இரண்டு முறை கேட்டேன். அவனோடு ஒரே வீட்டில் இருந்தால் எழுதாமல் இருப்பாயா?

நீ என் வீட்டில் குடியிருக்கிறாய். ஆமாம் அல்லது இல்லை என்று எழுது. வேறு எதுவும் எழுத வேண்டாம்.

அண்ணன்


செப்டம்பர் 30

அன்புள்ள அண்ணனுக்கு,

ஆமாம்.

இதை எழுத இத்தனை நாள் ஆனது. வேறு எதுவும் எழுத வேண்டாம் என்றீர்கள். எழுதத்தான் போகிறேன். திட்டுவதென்றால் முழுதும் படித்துவிட்டுத் திட்டுங்கள்.

நீங்கள் விமானம் ஏறிய மறுவாரமே வந்துவிட்டேன். என்னை யாரும் துரத்தவில்லை. மருமகளோடு சண்டையும் இல்லை. சன்னல் திறக்க வந்தவள் கொஞ்ச நேரம் உட்கார்ந்தேன். யாரும் கூப்பிடவில்லை. மறுநாள் ஒரு தம்ளர் எடுத்து வந்தேன், அதற்கு மறுநாள் பாய். மகன் வந்து பார்த்து, "எத்தனை நாளைக்கும்மா?" என்றான். "தெரியலடா" என்றேன். அவன் பிறகு கேட்கவில்லை. கேட்கவில்லை என்பதில் எனக்கு வருத்தமும் உண்டு.

அப்பா வீடு, பிறகு புருஷன் வீடு, பிறகு மகன் வீடு. உள்ளே இருந்து நானாகத் தாழ்போட்டுக்கொள்ள ஒரு கதவு இந்த வயசில்தான் எனக்குக் கிடைத்தது. பசித்தால் சமைக்கிறேன், பசிக்காவிட்டால் இல்லை. பகலிலேயே படுத்துத் தூங்கியிருக்கிறேன் அண்ணா. நம் அம்மா ஒரு நாளாவது பகலில் படுத்துப் பார்த்திருக்கிறீர்களா?

உங்கள் பிள்ளைக்கு இது தெரியும். "அத்தை, நீங்க அங்க இருக்குறது தெரிஞ்சா, துணைக்கு ஆள் இருக்குன்னு அப்பா அடுத்த நாளே கிளம்பிடுவார். சொல்லாதீங்க" என்றான். உங்கள் உடம்பை நினைத்து அவன் சொன்னான். நான் ஒத்துக்கொண்டது உங்கள் உடம்பை நினைத்து அல்ல. அதையும் சொல்லிவிடுகிறேன்.

இரண்டு பேரும் சேர்ந்து இருந்தால் என்ன என்று கேட்பீர்கள். நீங்கள் வந்தால் அது உங்கள் வீடாகிவிடும். "தங்கச்சி, காப்பி" என்பீர்கள். நான் எழுந்து போவேன். நீங்கள் கெட்டவர் இல்லை, நானும் முகம் சுளிக்கமாட்டேன். ஆனால் அந்தத் தாழ்ப்பாள் போய்விடும்.

உங்கள் வீடு. வாருங்கள் என்று சொல்லாமலிருக்க எனக்கு உரிமை இல்லை. வாருங்கள். எப்போது என்று எழுதுங்கள், அதற்கு முதல் நாள் நான் மகன் வீட்டுக்குப் போய்விடுகிறேன்.

உடம்பு எப்படி இருக்கிறது?

உங்கள் தங்கை


அக்டோபர் 19

தங்கச்சிக்கு,

உடம்புக்கு ஒன்றுமில்லை. காலை மாலை நடக்கிறேன், சத்தம் வரும்படி நடக்கிறேன். எப்படி என்று கேள்.

உன் கடிதம் வந்த அன்று படித்து, திட்டி ஒரு பதில் எழுதினேன். என்னைக் கேட்காமல் என் வீட்டில் நுழைந்தாய், என் மகனோடு கூட்டுச் சேர்ந்தாய், நான் அலமாரியில் நிற்பது தெரிந்தும் வராதே என்று எழுதினாய். இதில் ஒன்றையும் நான் மன்னிக்கவில்லை, மன்னிப்பதாகவும் இல்லை. காப்பி விஷயத்துக்கு மட்டும், நான் அப்படிக் கேட்டிருக்க மாட்டேன் என்று எழுத உட்கார்ந்தேன். அந்த வரி வரவில்லை. கடிதத்தைக் கிழித்துப் போட்டேன்.

ஒளிந்து இருப்பது எப்படி இருக்கும் என்று எனக்குத் தெரியும். நீ என் வீட்டில் ஒளிந்து இருப்பதை நான் ஒப்பமாட்டேன்.

மறுநாள் இருவரும் வேலைக்குப் போன பிறகு, ஊரிலிருந்து கொண்டுவந்த தோல் செருப்பை மாட்டிக்கொண்டு லிஃப்டில் இறங்கினேன். பாதிவழியில் ஒரு பெண்பிள்ளை நாயோடு ஏறினாள். எனக்கு வணக்கம் சொன்னாள். நான் அவளுக்கு நன்றி சொன்னேன், தெரிந்தது அதுதானே! சாவிக்காரர் அறைக்குப் போய், மார்பில் கை வைத்து என் பெயரைச் சொன்னேன். மேலே காட்டினேன். மூன்று விரலைக் காட்டினேன். அவர் என்னையே பார்த்தார். பிறகு மகனுக்குப் போன் போட்டார்.

மகன் ஓடி வந்தான். சாவிக்காரர் கோபப்படவில்லை. ஒரு தாளை எடுத்து, இரண்டு பெயர்களுக்குக் கீழே இருந்த கோட்டைக் காட்டினார். அதில் என் பெயரை நம் எழுத்தில் எழுதினேன். ஒப்பந்தம் முடிகிறவரை நாங்கள் இருக்கலாம், அதற்கு மேல் நீட்டிக்க மாட்டார்கள். கடுங்குளிரில் வெளியேற வேண்டும்.

லிஃப்டில் ஏறும்போது மகன், "இப்ப திருப்தியாப்பா?" என்றான்.

"ஆமாண்டா."

"தெருவுல நிக்கப் போறோம்."

"நிப்போம். மூணு பேரா நிப்போம்."

அன்றிலிருந்து அவன் என்னோடு பேசவில்லை. சோற்றுக்கு மட்டும் கூப்பிடுகிறான். மருமகள் பேசுகிறாள். பாஸ்போர்ட்டைக் கொண்டுவந்து என் தலையணைக்கு அடியில் அவள்தான் வைத்தாள். எடுத்துக்கொண்டு நான் கிளம்பலாம். கிளம்பினால் நீ மூட்டை கட்டுவாய், இவன் மறுபடி இரண்டு பேர் என்று எழுதுவான். இரண்டு அநியாயம் ஒரே நாளில் நடக்கும். நான் கிளம்பப்போவதில்லை.

இனி நடக்க வேண்டியதை எழுதுகிறேன். இதில் மாற்றம் கிடையாது.

மகன் செய்ய வேண்டியது: அடுத்த வீடு எந்த மூலையில் கிடைத்தாலும் மூன்று பேர் என்று எழுத வேண்டும். கிடைக்கவில்லை என்றால் கிடைக்கிறவரை தேட வேண்டும். இதை அவனிடம் நேரில் சொல்லிவிட்டேன். காதில் வாங்கினான்.

ரெட்டைப்போன் செய்ய வேண்டியது: எனக்கு வயது இவ்வளவு, நான் பெரியவர், இந்த வீட்டில்தான் இருப்பேன் என்று முதல் போனிலேயே சொல்லிவிட வேண்டும். கெஞ்சுகிற போனில் சொன்னாலும் சரி.

மருமகளுக்கு வேலை ஒன்றுமில்லை. அவள் நிறையச் செய்துவிட்டாள்.

நான் செய்ய வேண்டியது: வீடு பார்க்கப் போகிற இடத்தில் ஈரம் இருந்தால், ஒப்பந்தத்தில் கையெழுத்தாகிறவரை வாயை மூடிக்கொண்டு தரையைப் பார்த்து நிற்க வேண்டும். இது கஷ்டம். செய்வேன்.

நீ செய்ய வேண்டியது: முத்திரைத்தாள் வாங்கு. எழுதிக் கொடுப்பவரிடம் போய், என் வீட்டை உனக்கு வாடகைக்கு விடுவதாக எழுதச் சொல். இனாமாக என்று எழுத விடாதே. இனாமாக இருப்பவரை யாரும் எழுந்து போகச் சொல்லலாம். வாடகை எவ்வளவு என்பதை நீயே போட்டுக்கொள். உன் காலம் உள்ளவரை என்று எழுது. உன்னை வெளியேற்ற வீட்டுக்காரனுக்கும் உரிமை இல்லை என்று தனியாக ஒரு வரி போடு. வீட்டுக்காரன் நான். குடியிருப்பவர் என்ற இடத்தில் உன் பெயரை மட்டும் எழுது. தாளை எனக்கு அனுப்பு, கையெழுத்துப் போட்டு அனுப்புகிறேன்.

சாட்சிக் கையெழுத்து உன் மகன் போட வேண்டும். தாளை அவன் வீட்டுக்கு எடுத்துக்கொண்டு போகாதே. சொல்லி அனுப்பு. அவன் வந்து, கதவைத் தட்டி, நீ திறக்கிறவரை நிற்கட்டும்.

இப்படிக்கு,
அண்ணன்